பேசாத மேப்புக்கு முதல் மார்க்

போனில் வழி பார்ப்பது புதிதாக வந்த சமயம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தேன். அண்ணனோடு பைக்கில் ஆலங்காயம் போவதற்காக என் போனில் இரண்டு மேப்களை ஏற்றி, தூரம், வேகம், பேட்டரி என்று ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டேன். ஒன்று வாய்விட்டு வழி சொன்னது. பேட்டரியை ஜாஸ்தி தின்றது. அதை அழித்துவிட்டேன்.

“பேசுறதே இருக்கட்டுமே. கேட்டுக்கினே ஓட்டுவேன்” என்றான் அண்ணன்.

“ஊர்ப் பேரை எல்லாம் கொலை பண்ணுதுண்ணா. பேசாததுதான் ஃபர்ஸ்ட்டு.”

“சரிங்க, இன்ஸ்பெக்டர் மேடம்.”

ஞாயிறு சர்ச் முடிந்து கிளம்பினோம். பெட்ரோல் டேங்க் மேல், அவன் பார்வைக்குத் தோதாக போனைக் கட்டியது நான்தான். வாணியம்பாடி தாண்டி, திருப்பம் எங்கே என்று அவன் குனிந்து பார்த்த நேரம், முன்னால் உப்புப் போட்ட ஆட்டுத்தோல் ஏற்றிப்போன மொபெட் சட்டென நின்றுவிட்டது. பிரேக் பிடித்தான். தோலிலிருந்து சொட்டியிருந்த உப்புத் தண்ணீரில் சக்கரம் வழுக்கி இருவரும் விழுந்தோம். பின்னால் வந்த பஸ், அவன் தலைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

முழங்கையில் ரத்தம் வழிய, “உனக்கு ஒண்ணும் ஆவலையே?” என்றுதான் கேட்டான். வீட்டிலும், “நான்தாம்மா பராக்கு பாத்துட்டேன்” என்றான்.

“இல்லம்மா, நான் கட்டிவச்ச போனைத்தான் அண்ணன் பாத்துச்சு” என்று உடனே சொன்னேன். சொல்லியும் மனம் ஆறவில்லை. ஓட்டுகிறவரின் கண் எங்கே இருக்கும் என்பதற்கு நான் மார்க்கே வைக்கவில்லையே.

இப்போது பேசும் மேப்தான். ஆலங்காயத்தை அது இன்னும் தப்பாகத்தான் உச்சரிக்கிறது. பின்னால் உட்கார்ந்து நான் கேட்கிறேன். திரும்ப வேண்டிய பக்கத்துத் தோளைத் தட்டுகிறேன். அண்ணன் ரோட்டை மட்டும் பார்க்கிறான்.