எல்லோரும் பார்க்கப் பனங்கட்டி தின்றவர்

எழுபதுகளின் தொடக்கம். வடமராட்சிக் கடற்கரையில் எங்கள் ஊர். எனக்கு அப்போது பதினேழு வயது. நீரிழிவு என்று கண்டுபிடித்து ஆறேழு மாதம் ஆகியிருந்தது. இன்றைக்கு வீட்டுக்கு வீடு இருக்கிற வருத்தம்தானே என்பீர்கள். எனக்கு வந்ததோ தினமும் இன்சுலின் ஊசி போட்டால்தான் உயிர் தங்கும் என்கிற வகை. கலியாணம் பேசுகிற வயதில் ஒரு பெண்பிள்ளைக்கு இப்படி வந்தால் சும்மா விடுவார்களா? ஈ, காக்கைக்கும் தெரியக்கூடாது என்று அம்மா முடிவாகச் சொல்லிவிட்டார்.

ஊசி போடுவது அறைக்குள், கதவைப் பூட்டிக்கொண்டு. மாதம் ஒருமுறை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போவோம். பஸ்ஸில் யாராவது கேட்டால், துணி எடுக்கப் போகிறோம் என்பார் அம்மா. திரும்பும்போது கையில் துணி இருக்காது. ஒன்றும் பிடிக்கவில்லை என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார். எங்களைப் போலத் துணியில் குறை பிடிக்கிறவர்கள் ஊரில் இல்லை என்று பெயர் எடுத்திருப்போம்.

இன்சுலின் போடுகிறவர்கள் நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் உடம்பில் சீனி இறங்கிவிடும். கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், கண் இருட்டும். உடனே இனிப்பு ஏதாவது வாயில் போட வேண்டும். அதற்காக என் கைக்குட்டையில் எப்போதும் பனங்கற்கண்டு முடிந்திருப்பேன். நாலு பேர் நடுவில் அதை அவிழ்க்கத்தான் துணிவு வராது. ஒருநாள் பள்ளிக்கூடத்தில் அப்படியே விழுந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை விரதம் என்று அம்மா சமாளித்தார். ஊரில் என் பக்தியைப் புகழ்ந்தார்கள். டாக்டர் புகழவில்லை. இன்னொரு தடவை விழுந்தால் எழும்புவாய் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன் என்றார்.

டாக்டர் அப்படிச் சொன்ன அன்றைக்குத்தான், வெளியே, இன்சுலின் போடுகிறவர்களின் வரிசையில் அவரைக் கண்டேன். பக்கத்து ஊர்க்காரர். கொழும்பில் ஒரு கம்பனி, உதைபந்து ஆடுவதற்காகவே அவரைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது. பேப்பரில் வந்த அவருடைய படத்தை என் அண்ணை வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்தபடியால் பார்த்ததும் தெரிந்துவிட்டது. சோதனைக்குக் கொண்டுவந்த சிறுநீர்ப் போத்தலை எல்லோரும் பைக்குள்ளும் சேலைத் தலைப்புக்குள்ளும் மறைத்திருக்க, அவர் மட்டும் ஏதோ சோடாப் போத்தல் மாதிரி அதைக் கையில் பிடித்தபடி பக்கத்தில் இருந்தவரோடு கதைத்துக்கொண்டிருந்தார். அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதைக் கவனித்தாரோ என்னவோ, எங்களைக் காணாதவர் போல அவரும் மறுபக்கம் பார்த்தபடி, இருந்த மர வாங்கில் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டுத் தந்தார்.

எனக்கு வியப்புத் தாங்கவில்லை. கிணற்றடிக்குக்கூட ஓடாதே என்று அம்மா என்னைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். இந்த மனிதரோ இதே ஊசியைப் போட்டுக்கொண்டு ஒன்றரை மணித்தியாலம் மைதானத்தில் ஓடுகிறார். வீட்டுக்கு வந்து அண்ணையிடம் சொன்னேன். "விசர்க்கதை கதையாதை" என்று நம்பாமலே முடித்துவிட்டார்.

சித்திரை வருடப்பிறப்புக்கு அந்தப் பந்தாட்டக்காரர் விடுமுறையில் வந்திருந்தார். எங்கள் ஊர்க் கழகத்துக்கும் அவர்களுடைய கழகத்துக்கும் இறுதி ஆட்டம், எங்கள் ஊர் மைதானத்தில். பெண்கள் எல்லாம் ஒரு பக்கமாக, கோட்டுக்கு அருகில் பூவரச நிழலில் இருந்தோம். எனக்கு ஒரு பக்கம் அம்மா. மறுபக்கம் தன் மகனுக்கு என்னைக் கேட்கப் போவதாகப் பேச்சு அடிபட்ட மாமி ஒருவர். அதற்காகவே அம்மா பார்த்துப் பார்த்து அந்த இடத்தைப் பிடித்திருந்தார்.

ஆட்டம் பிந்தித் தொடங்கியது. ஆளுக்கொரு கோல். முடிய இன்னும் பத்து நிமிடம் இருக்கும்போது எனக்கு உள்ளங்கை வேர்த்து, விரல் நடுங்கத் தொடங்கியது. தேநீர் நேரம் எப்போதோ தாண்டிவிட்டிருந்தது. கைக்குட்டையை இறுக்கிப் பிடித்தேனே தவிர அவிழ்க்கவில்லை. பத்து நிமிடந்தானே, தாங்கலாம் என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து அவர் பந்தோடு எங்கள் கோலுக்குக் கிட்ட வர, எங்கள் ஆள் ஒருவர் காலைத் தட்டி விழுத்திவிட்டார். பெனால்டி. அவர் அடித்தால் தவறாது என்று இரண்டு ஊருக்கும் தெரியும். எங்கள் பக்கம் செத்த வீடு போல ஆகிவிட்டது. அவர் பந்தை வைத்தார். பின்னால் போனார். முகத்தைத் துடைத்துக்கொண்டு பந்தையே பார்த்தபடி நின்றார். பிறகு கப்டனைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். நடுவரிடமும் சொன்னார். மெல்ல நடந்து வந்து எங்களுக்கு நேர் முன்னால், தண்ணீர் வாளிக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தார். அங்கிருந்த ஓலைக் குட்டானைப் பிரித்துப் பனங்கட்டியை எடுத்துக் கடிக்கத் தொடங்கினார்.

கப்டன் அடித்த பந்து கோலுக்கு மேலால் கடற்கரைக்குப் போய்விட்டது. எங்கள் ஆட்கள் துள்ளினார்கள், அவருடைய ஊர்க்காரர்களே 'கூ' அடித்தார்கள். அவர்களில் பெரியவர் ஒருவர் கோபம் தலைக்கேறி ஓடி வந்தார்.

"ஊரின்ரை மானம் போகுது, நீ இஞ்சை இருந்து பனங்கட்டி தின்னுறியோ?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். குரலைத் தாழ்த்தவில்லை.

"எனக்குச் சீனி வருத்தம் அண்ணை. ஊசி போடுறனான். பந்து ரெண்டாத் தெரியுது. இதைத் தின்னாட்டி விழுந்திடுவன்."

அவ்வளவுதான். இன்னொரு துண்டை எடுத்துக் கடித்தார். சனம் முழுக்கக் கூவிக்கொண்டிருக்க, தன் வேலையில் கண்ணாக ஒரு மனிதர் இருந்து சாப்பிட்டதை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. ஓடுகிறவரைப் பார்த்து வியந்திருந்தேன். உட்கார்ந்திருக்கிறவரைப் பார்த்து எனக்கு மெய் சிலிர்த்தது.

நான் கைக்குட்டையை அவிழ்த்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தக் கையை எடுத்துவிட்டுப் பனங்கற்கண்டை வாயில் போட்டேன்.

"என்ன பிள்ளை, தேத்தண்ணி குடிக்காமலே வந்தனீ?" என்றார் மாமி.

"இல்லை மாமி. எனக்கும் அவரின்ரை வருத்தந்தான்."

நடுக்கத்தில் கொஞ்சம் உரத்துச் சொல்லிவிட்டேன் போலும். முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

பனங்கட்டியைத் தின்று முடித்தவர் மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பி, கண் தெளிந்துவிட்டதா என்று கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, நடுவரிடம் கேட்டு உள்ளே போனார். ஒன்றும் நடக்காதவர் போல ஓடினார். ஒரு தடவை தலையால் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கடைசியில் இன்னொரு கோல் போட்டு எங்கள் ஊர்தான் வென்றது. தோற்றதற்கு அவரைத்தான் திட்டினார்கள். அவர் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டுப் போனார்.

மாமி வீட்டுப் பேச்சு அன்றோடு நின்றது. அம்மா என்னோடு முகம் கொடுத்துக் கதைக்க ஒரு கிழமை எடுத்தது. ஆனால் அதற்குப் பிறகு வகுப்பிலும், கோயிலிலும், பஸ்ஸிலும், நடுக்கம் வந்தால் நான் யாரையும் பார்க்காமல் எடுத்துத் தின்றேன். பல வருடம் கழித்து, எல்லாம் தெரிந்த ஒருவர் என்னைக் கட்டிக்கொண்டார். அந்தப் பந்தாட்டக்காரரோ அன்றைய ஆட்டத்துக்குப் பிறகும் பல வருடம் கம்பனிக்காக ஆடினார் என்று அண்ணை சொல்லுவார்.

இன்றைக்கு எனக்கு எழுபது வயதாகிறது. அந்த மனிதரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் அன்றைக்கு ஊருக்கு வெட்கப்பட்டு அந்தப் பந்தை அடிக்கப் போயிருந்தால், இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.