அளவுக்கு மேல் ஒரு சிட்டிகை

டெக்ஸாஸுக்கு வந்து நான் உருப்படியாகக் கற்றுக்கொண்ட ஒரே விஷயம், சுட்டுத் தீர்ந்த ரைஃபிள் தோட்டாவின் பித்தளைக் கூட்டில் மறுபடி மருந்து அடைப்பது. ஆபீஸ் நண்பர் ஒருவர் இழுத்துவிட்ட வேலை. பிளானோ வீட்டு கராஜில் ஒரு கார் நிற்க வேண்டிய இடத்தை என் மேஜை பிடித்துக்கொண்டது. ஆலங்கட்டி மழையில் வெளியே நின்று அடி வாங்குவது என் கார்தான், மனைவியுடையது இல்லை. அந்த அளவுக்கு எனக்குப் புத்தி உண்டு.

மருந்து என்றதும் தூள் என்று நினைத்துவிட வேண்டாம். நான் வாங்குவது கொரகொரப்பு ரகம். பென்சில் முனையை ஒடித்து ஒடித்துப் போட்டதுபோல் குட்டிக் குட்டிக் குச்சிகள். அளந்து கொட்டுவதற்குக் கைப்பிடி வைத்த மெஷின் உண்டு. திருப்பினால் நடுவில் ஒரு குச்சி மாட்டி நறுக்கென்று வெட்டுப்படும். ஒரு தடவை கொஞ்சம் கூடுதலாக விழும், அடுத்த தடவை குறைய. அதனால் வேண்டுமென்றே குறைத்துக் கொட்டி, கிண்ணத்தைத் தராசில் வைத்து, மீதியை ஒரு சின்னக் குழாயைத் திருகித் திருகி, ஒவ்வொரு குச்சியாக உதிர்க்க வேண்டும். எண் சரியாக நின்றதும் கையை எடுத்துவிட வேண்டும். கூடினால் துப்பாக்கியே வெடிக்கலாம்.

எனக்கு அந்தக் கையை எடுப்பதுதான் வராது. குக்கருக்கு அரிசி அளந்தால் மேலே ஒரு பிடி, ஃபில்டரில் காபித்தூள் போட்டால் மேலே அரை ஸ்பூன். கொசுறு போடாமல் அளந்தால் கஞ்சத்தனம் செய்ததுபோல் உறுத்தும். மனைவி ஆஸ்பத்திரி பார்மஸியில் மருந்து கலப்பவள். உப்பைக்கூட மட்டம் தட்டித்தான் போடுவாள். என் ஹாபிக்கு அவள் போட்ட ஒரே கண்டிஷன், "அளவு தப்பினா அன்னைக்கே எல்லாத்தையும் மூட்டை கட்டிடணும்."

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. மறுநாள் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு அவளும் வருவதாக ஒப்புக்கொண்டிருந்தாள், முதல் தடவையாக. எனக்குத் தலைகால் புரியவில்லை. இருபது தோட்டா அடைத்தேன். அவளுக்கென்று ஐந்தைத் தனிப் பெட்டியில் வைத்தேன். உள்ளே போய்ச் சூடான பஜ்ஜிக்குக் கை நீட்டியதும் தட்டைப் பின்னால் இழுத்தாள்.

"விரல் ஏன் கறுப்பா இருக்கு?"

"பவுடர்தான்."

"கைல தொடவே வேண்டாம், மெஷின்லேர்ந்தே விழும்னு சொன்னீங்க?"

பார்த்தேன். கட்டைவிரல் நுனியிலும் ஆள்காட்டி விரல் நுனியிலும் கறுப்பு. சிட்டிகை எடுத்த விரல்கள். தராசு சரியென்று காட்டிய பிறகும் எதிலோ கூடப் போட்டிருக்கிறேன். எதில் என்று சத்தியமாக நினைவில்லை. நாளைக்குத் துப்பாக்கிக்குப் பின்னால் இருக்கப்போவது இவள் முகம். மெஷினைத் துடைத்தபோது பட்டிருக்கும் என்று சமாளித்திருக்கலாம். அந்தப் பொய் நாக்கு நுனி வரை வந்தது.

"கொசுறு போட்டுட்டேன்போல," என்றேன்.

அவள் அடுப்பை அணைத்தாள். "எதுல?"

"தெரியல."

"அப்போ எல்லாத்தையும் பிரிங்க. நான் வெயிட் பார்க்கறேன்."

பிரிக்க ஒரு பிளாஸ்டிக் சுத்தியல் இருக்கிறது. அதன் தலைக்குள் தோட்டாவைச் சொருகித் தரையில் நாலு தட்டுத் தட்டினால் குண்டும் மருந்தும் கழன்று விழும். நான் தட்டினேன், அவள் நிறுத்தாள். முதலில் என்னுடைய பதினைந்து. ஒன்றில்கூட ஒரு குச்சி பிசகவில்லை. எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. பிறகு அவள் பெட்டி. முதலாவது கூடுதல். இரண்டாவதும். ஐந்துமே கூடுதல்.

அவள் தராசையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்களோடது எல்லாம் கரெக்டா இருக்கு. எனக்கு வெச்சதுல மட்டும் எக்ஸ்ட்ரா."

"நீ ஃபர்ஸ்ட் டைம் வர்ற. நல்லா இருக்கணுமேன்னு கை தானா..."

சொல்லும்போதே அவமானமாக இருந்தது. கண்டிஷன் ஞாபகம் வர, நானே பெட்டிகளை அடுக்க ஆரம்பித்தேன். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு என் இடத்தில் உட்கார்ந்தாள். கிண்ணத்தைத் துடைத்துத் தராசில் வைத்தாள்.

"எல்லாத்தையும் நானே அளக்கறேன்."

"என்னோடது சரியாத்தானே இருந்தது?"

"இருக்கட்டும்," என்றாள், எண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல். "அது உங்க மூஞ்சிக்குப் பக்கத்துலதானே வெடிக்கும்."