தண்டாஸ் சாவியும் டிரைவிங் டெஸ்டும்

சிம்பாங் ரெங்கம் பக்கத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். இந்த வேலைக்குப் புதிதாக வரும் தங்கச்சிகளுக்கு ஒன்று சொல்கிறேன். கிளச், கியர், சிக்னல் எல்லாம் பழகிவிடும். டெஸ்ட் நாளில் மாணவர்களை ஆட்டிவைப்பது மூத்திரப்பைதான்.

டெஸ்டுக்கு வரும் நம் ஆட்களுக்குத் திருநீறு பூசிவிடுவேன். முருகன் கைவிட மாட்டான். ஆனால் எங்கள் பயிற்சி யார்டில் இருந்த ஒரே தண்டாஸின், அதாவது கழிப்பறையின், சாவி முருகனிடம் இல்லை; பாஸிடம் இருந்தது.

பாஸின் பூட்டு

ஒரு டெஸ்ட் நாளில் மேலிடத்திலிருந்து பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்று சேதி. பாஸ் காலையிலேயே தண்டாஸைக் கழுவி, வாசனை மருந்து அடித்து, பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

"பெரியவரு வர்ற வரைக்கும் யாரும் உள்ள போவக்கூடாது. நாறிடும்லா."

"டெஸ்டுக்கு வந்தவங்க எங்க போவாங்க பாஸ்?"

"வீட்டுலயே போய்ட்டு வரணும். இங்க கார் ஓட்டத்தானே வர்றாங்க?"

எவ்வளவு பெரிய அறிவு! அத்தோடு பெரியவருக்கு நாசி லெமாக் வாங்கக் கிளம்பிவிட்டார். சாவியும் கூடவே போனது. அதுவரை சும்மா உட்கார்ந்து வடை தின்றவர்களுக்கும், பூட்டைப் பார்த்ததும் அடிவயிறு கனத்தது.

அன்று எனக்குக் கவலை வசந்தாவைப் பற்றித்தான். தொழிற்சாலை கேண்டீனில் வேலை. புருஷனுக்கு ரத்தம் சுத்தம் செய்ய அடிக்கடி குளுவாங் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வீட்டில் கார் இருக்கிறது, ஓட்டத்தான் ஆளில்லை. முதல் டெஸ்டில் கால் நடுங்கி, மேட்டில் கார் பின்னால் உருண்டது. இரண்டாவதில் பேரைக் கூப்பிட்டபோது தண்டாஸில் இருந்தாள். இந்த முறையும் தவறினால் எல்-லைசென்ஸ் காலாவதி. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அன்று மேட்டில் நல்லபடியாக ஏறி இறங்கிவிட்டாள். ரோடு டெஸ்டுதான் பாக்கி.

"அக்கா, மறுபடியும் வருதுக்கா."

"இப்பதானே வீட்டுலேருந்து வந்த?"

"நேத்தியிலேருந்து தண்ணியே குடிக்கல. எங்கேருந்துதான் வருதோ!"

"பயந்தா வரும்மா. வர்றது புலியா அதிகாரியான்னு உடம்புக்குத் தெரியாது. தண்ணி குடிக்காம இருந்தா இன்னும் எரியத்தான் செய்யும்."

சமாதானம் சொல்லலாம், சாவி யார் தருவது? தண்டாஸ் பக்கம் போனோம். அங்கே ஏற்கெனவே ஒருவர் கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தார். வசந்தாவோடு காரில் உட்கார வேண்டிய சோதனை அதிகாரி! மேலதிகாரி தன்னையும் பார்க்கப் போகிறார் என்ற பயம் அவருக்கு. எங்களைக் கண்டதும் சுவரில் விரிசல் இருக்கிறதா என்று ஆராய்ந்துவிட்டு, கம்பீரமாக நடந்து போனார்.

உடனே வசந்தாவின் பேரைக் கூப்பிட்டார்கள்.

மாசுக் கிரி

காரில் நடந்ததை வசந்தா பிறகு சொன்னாள். கிளச்சில் இவள் கால் நடுங்கியதாம். பக்கத்தில் பார்த்தால் அதிகாரியின் முழங்கால் இவளைவிட வேகமாகத் தாளம் போட்டதாம்.

சாலைமுனை தாண்டியதும் அவர் மெதுவாகச் சொன்னார்: "காக்... பெட்ரோல் ஸ்டேசன். மாசுக் கிரி." மலாயில், அக்கா, இடது பக்கம் உள்ளே போ என்று அர்த்தம்.

வசந்தா கண்ணாடி பார்த்து, சிக்னல் போட்டு, கோட்டுக்குள் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் இழுத்தாள். அவர் கதவைத் திறந்து ஓடினார். இவளும் என்ஜினை அணைத்து, சாவியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

திரும்பும்போது கார் வெண்ணெயில் போவதுபோல் போனதாம். யார்டில் இறங்கும்போது அதிகாரி இவள் முகத்தைப் பார்க்காமல், "லுலுஸ், காக்" என்றார். டெஸ்டில் தேறிவிட்டாள்!

பெரியவர் வரவே இல்லை. நாசி லெமாக்கை பாஸே சாப்பிட்டார். வாசனை மருந்தும் வீண்.

அடுத்த டெஸ்ட் நாளில் பாஸிடம் சாவியை வாங்கி, பூட்டைக் கழற்றி அவர் மேசையில் வைத்தேன். "நாறினா நானே கழுவுறேன் பாஸ்" என்றேன். முறைத்துக்கொண்டே பூட்டை இழுப்பறையில் போட்டார். திறந்த கதவைப் பார்த்த பாதிப் பேருக்கு உள்ளே போகும் அவசியமே வரவில்லை. திருநீறு இன்றும் பூசுகிறேன். கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பூசுகிறேன்.

தைப்பூசத்தில் பால்குடம் எடுத்துவிட்டு, வசந்தா புருஷனைப் பக்கத்தில் உட்காரவைத்து யார்டுக்குக் காரில் வந்தாள்.

"குளுவாங் போற வழியில எங்கெங்க பெட்ரோல் ஸ்டேசன் இருக்குன்னு எல்லாம் தெரியும்க்கா."

"எல்லாத்துலயும் நிப்பியா?"

"இல்லக்கா. தெரிஞ்சதால எதுலயும் நிக்கிறதில்ல."