சீஃப் இன்ஜினியரின் கைப்பை

மதியம் ஒன்றேகால் மணி. பெங்களூர் சிவாஜிநகரில் ஒரு மிலிட்டரி ஹோட்டலில் இலையில் சோறு விழுந்த நேரம் போன் அடித்தது. வெளிநாட்டு எண். ஒரு பெண், நிறுத்தி நிதானமாக ஆங்கிலத்தில் பேசினார். ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் காவல்துறை அதிகாரி என்றார்.

"எங்கள் முன்னால் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பாஸ்போர்ட் இல்லை, போன் இல்லை. தான் ஒரு சீஃப் இன்ஜினியர் என்கிறார். சட்டைப் பையில் இருந்த சீட்டில் உங்கள் எண் இருக்கிறது. இவரைத் தெரியுமா?"

தெரியும். அந்தச் சீட்டை முந்தின நாள் அவர் சட்டைப் பையில் வைத்ததே நான்தான்.

1. சீட்டு

நான் பத்தாவது பெயில். ஸ்ரீராம்புரத்தில் பிறந்தேன். லாரி கிளீனராகப் பூனா போய், அங்கே இரண்டு வருஷம் தட்டுக் கழுவி, பிறகு மஸ்கட்டில் கட்டட வேலை. இறங்கிய அன்றே கான்ட்ராக்டர் என் பாஸ்போர்ட்டை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினான். பதினொரு மாதம் அது அங்கேயே இருந்தது. காய்ச்சலில் கிடந்தபோதும் ஊர் திரும்ப வழியில்லை. ஒருவழியாகப் பெங்களூர் வந்து ஒரு டிராவல்ஸில் சேர்ந்தேன். நான் நிலைத்த ஒரே வேலை அதுதான். நாள் முழுக்க அலையச் சொன்னார்கள், அதனால் ஒத்துப்போயிற்று.

அரசாங்க அதிகாரிகளை வெளிநாடு அனுப்புவது எங்கள் வேலை. முதலில் துறையின் ஜி.ஓ., பிறகு டெல்லியிலிருந்து பொலிட்டிகல் கிளியரன்ஸ், அரசுப் பயணத்துக்கென்று தரும் வெள்ளை அட்டை பாஸ்போர்ட், விசா, டிக்கெட், இன்சூரன்ஸ். ஒவ்வொரு மேஜைக்கும் நேரில் போய் நின்றால் எல்லாம் நடக்கும். கடைசியில் நானாகச் சேர்த்தது ஓர் அரைத்தாள்: தங்கும் ஹோட்டல் விலாசம், நம் தூதரக எண், என் எண். அதைச் சட்டைப் பையில் வைக்கும்வரை ஆளை அனுப்ப மாட்டேன்.

சீஃப் இன்ஜினியர் கோலார் பக்கத்துக்காரர், தமிழ் நன்றாக வரும். நெதர்லாந்தில் குடிநீர் சுத்திகரிப்புப் பயிற்சி. கூடப் போனது அசிஸ்டென்ட் இன்ஜினியர் செல்வராணி, ஜோகுபாளையத்துப் பெண். இன்னும் புரொபேஷன் முடியவில்லை. விமானம் ஏறுவதே முதல் தடவை.

"ஏனப்பா ஜெயபால், ஸ்கூல் பையனுக்கு பேட்ஜ் குத்தற மாதிரி இருக்குதே" என்றார் சார்.

"வச்சுக்கோங்க சார். திரும்பி வந்து கிழிச்சுப் போடுங்க."

2. நாற்பது நிமிடம்

விதிப்படி சாருக்கு பிசினஸ் கிளாஸ், செல்வராணிக்கு எகானமி. பெங்களூரில் இமிக்ரேஷன் முடிந்ததும் சார் தன் கைப்பையை அவளிடம் நீட்டியிருக்கிறார். பாஸ்போர்ட், போன், கண்ணாடி எல்லாம் அதில். கெட்ட மனிதர் இல்லை. காரை விட்டு இறங்கினால் பை பின்னால் வரும், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். ஆபீஸ் சேவகரான டஃபேதார் தூக்குவார், டஃபேதார் இல்லாத இடத்தில் ஜூனியர் தூக்குவார்.

ஃபிராங்க்ஃபர்ட்டில் விமானம் மாற வேண்டும். சார் முதல் ஆளாக இறங்கி, கையை வீசி நடந்து, இமிக்ரேஷன் கவுன்ட்டரில் நின்று, பின்னால் கையை நீட்டினார். கையில் எதுவும் விழவில்லை. கடைசியாக இறங்கிய செல்வராணி, பைக்குள் சாரின் பாஸ்போர்ட் இருப்பது தெரியாமல், சார் முன்னாலேயே போயிருப்பார் என்று நினைத்து, வேறு கவுன்ட்டர் வழியாக உள்ளே போய்விட்டாள். இரண்டு பாஸ்போர்ட்டும் உள்ளே, சார் வெளியே.

"இவர் பாஸ்போர்ட் எங்கே?" என்று அந்த அதிகாரி கேட்டார்.

"ஜூனியரிடம் இருக்கும்" என்றேன். சாரின் பழக்கம் எனக்குத் தெரியும்.

"ஏன்?"

"எங்கள் ஊர் வழக்கம்" என்றேன். ஒரு மணி நேரத்தில் பாஸ்போர்ட் வராவிட்டால் அவரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும் என்றார். என்னிடம் இருந்த பாஸ்போர்ட், விசா, ஜி.ஓ. நகல்களை அவருக்கு அனுப்பிவிட்டு, போனைச் சாரிடம் கொடுக்கச் சொன்னேன்.

"அந்தப் பொண்ணு எங்கேப்பா? ஊருக்கு வந்ததும் முதல்ல மெமோ. அவ புரொபேஷன் முடிஞ்ச மாதிரிதான்."

"அதை வந்து பாருங்க சார். இப்போ சத்தம் போடாம உட்காருங்க. புரியாத பேப்பர்ல கையெழுத்து மட்டும் போடாதீங்க."

அடுத்து செல்வராணியைக் கூப்பிட்டேன்.

"அண்ணா, சாரைக் காணோம். போர்டிங் ஆரம்பிச்சுட்டாங்க, ஏறிடட்டுமா?"

"ஏறாதம்மா. சார் போலீஸ் ரூம்ல இருக்காரு. பாஸ்போர்ட் உன்கிட்ட இருக்கு."

"என் வேலை போச்சுண்ணா."

"வேலையை அப்புறம் பார்ப்போம். வந்த வழியே திரும்பி நட. உதவி பண்றேன்னு எவன் வந்தாலும் பையைக் கொடுக்காத. கவுன்ட்டர்ல இருக்கிற போலீஸ்கிட்ட மட்டும் சாரோட பாஸ்போர்ட்டைத் திறந்து போட்டோவைக் காட்டு. பாஸ் அந்தப் பக்கம், பாஸ்போர்ட் இந்தப் பக்கம்னு சொல்லு."

"இங்கிலீஷ் பேசினா வாய் நடுங்குதுண்ணா."

"நடுங்கட்டும். நீ நட."

இருவருக்கும் அடுத்த விமானத்தில் சீட் மாற்றினேன். பரிமாறுகிறவர் வந்து, "என்னண்ணா, வீட்ல யாருக்காச்சும் சீரியஸா?" என்றார். "இல்ல, ஒரு ஆளையும் ஒரு பையையும் சேர்த்து வைக்கிறேன்" என்றேன். நாற்பது நிமிடம் கழித்து, ஆறின குழம்பைப் பிசையும்போது செல்வராணியிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. சார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், மடியில் கைப்பை. இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தார்.

3. மெமோ

திரும்பி வந்ததும் வெள்ளை பாஸ்போர்ட்டைத் துறையில் ஒப்படைக்க வேண்டும். அதைச் சாரிடம் வாங்கப் போனபோது அவர் மேஜையில் டைப் ஆன மெமோ கையெழுத்துக்காகக் கிடந்தது. அதில் செல்வராணி பெயர். எனக்கு வாய் சும்மா இருக்காது. மஸ்கட் கதையைச் சொன்னேன்.

"பதினொரு மாசமா?" என்றார்.

"ஆமா சார். என்னோடதை அவன் பூட்டி வச்சான். உங்களோடதை நீங்களே எடுத்துக் கொடுத்தீங்க."

கோபப்படுவார் என்று நினைத்தேன். மெமோவை நாலாக மடித்துக் கூடையில் போட்டு, "டீ குடிச்சுட்டுப் போப்பா" என்றார். செல்வராணியின் புரொபேஷன் உரிய நாளில் முடிந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். டிக்கெட் போடுவதோடு வேலை முடியாது. போகிறவர் எவ்வளவு பெரிய ஆளானாலும், பாஸ்போர்ட் அவர் உடம்போடு இருக்க வேண்டும். அதைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

அடுத்த வருஷம் சார் இன்னொரு பயணத்துக்கு எங்கள் ஆபீஸுக்கே வந்தார். நான் பாஸ்போர்ட்டை நீட்டியதும் கூட வந்த டஃபேதார் வழக்கம்போலக் கை நீட்டினார். "பேடா, நானே இட்கோத்தீனி" (வேண்டாம், நானே வைத்துக்கொள்கிறேன்) என்று கன்னடத்தில் தடுத்து, சட்டைக்குள்ளிருந்து கழுத்துப் பையை இழுத்து அதில் வைத்துக்கொண்டார். அரைத்தாளை நான் தேடி எடுப்பதற்குள் சட்டைப் பையை விரலால் விரித்துப் பிடித்திருந்தார்.