பாலத்தில் தானாகத் தாழ்ந்த விளக்கு

முதலில் கண்ணில் பட்டது டாஷ்போர்டில், ஹைபீம் எரிவதைக் காட்டும் சின்ன நீல விளக்கு. மாமாவின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில்தான் இருந்தன. அது அணைந்தது. வெளியே ஹைபீம் தாழ்ந்து, பாதை பாதியாகச் சுருங்கியது. எதிரே யாரும் இல்லை.

அன்று டிசம்பர் இரண்டாவது ஞாயிறு. அம்மா கரியாஹாட்டில் தமிழ்க் குடும்பங்களுக்கு இட்லி மாவு அரைத்து விற்கிறாள். ஒன்பதாவதோடு பள்ளியை விட்டதிலிருந்து மாவை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது நான். குளிர்காலத்தில் எல்லோரும் நொலேன் குர், அதாவது ஈச்ச வெல்லம் கேட்பார்கள். கடையில் கிடைப்பதில் சர்க்கரை கலந்திருக்கும். அதனால் மாலஞ்சாவுக்கு அப்பால், காய்ச்சுகிற ஊருக்கே போனோம். மாமா ஒரு வெளிநாட்டு மேனேஜருக்கு டிரைவர். அவர் லீவில் போகும்போது, பேட்டரி இறங்காமல் ஓட்டிவை என்று தன் பெரிய எஸ்யூவியை விட்டுப் போயிருந்தார்.

பகல் ஒரு மணிக்குக் கிளம்பி, பாசந்தி நெடுஞ்சாலை வழியாக ஒன்றே முக்கால் மணி நேரம். வெல்லம் கிலோ எண்பது ரூபாய். பாகாக வாங்குவதானால் பாத்திரம் நீங்களே கொண்டுபோங்கள். மூன்றரைக்குள் திரும்பிவிடுங்கள். நாங்கள் கிளம்பியபோது மணி ஐந்து, இருட்டிவிட்டது. பெரிய சாலைக்கு ஏழு கிலோமீட்டர் கால்வாய் ஓரப் பாதை. இருபுறமும் மீன் ஏரிகள், தண்ணீரிலிருந்து எழும் பனி.

அந்த வண்டியில் முன்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா உண்டு. எதிரே வெளிச்சம் தெரிந்தால் ஹைபீமைத் தானே தாழ்த்தும், போனதும் உயர்த்தும்.

"யாருக்கு மாமா இறக்குச்சு?"

"பேய்க்கா இருக்கும். ஃபாரின் வண்டில்ல, மரியாதை தெரியும்."

அடுத்த வளைவில், லாந்தர் தொங்கும் சைக்கிளில் ஒருவர் வந்தார். மூன்று முறை இப்படியே நடந்தது. நான்காவது முறை விளக்கு தாழ்ந்தது. ஒருவரும் வரவே இல்லை. மாமா சிரிப்பதை நிறுத்தினார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கத்து ஒற்றை வண்டிப் பாலங்களில், ஹைபீமைத் தாழ்த்தாதவர் முதலில் வருவார். தாழ்த்தினால் 'நீ வா' என்று அர்த்தம். இப்படிப்பட்ட வண்டியில் போகிறவர்கள் அந்தத் தானியங்கி சுவிட்சை வீட்டிலேயே தேடி அணைத்துவிடுங்கள். எங்களுக்கு அது தோன்றவில்லை.

கைப்பிடிச் சுவர் இல்லாத பாலம், நடுவில் மேடு. அக்கரையில் ஒற்றை பல்பு தெரிந்தது. நம் வெளிச்சத்தைப் பார்த்து நிற்பார்கள் என்று மாமா பாலத்தில் ஏறினார். அந்த பல்பைக் கண்டு ஹைபீம் தாழ்ந்து, நீல விளக்கு அணைந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. மேடும் பனியும் பல்பை மறைத்தன. ஹைபீம் உயர்ந்தது.

மாமா பிரேக்கை மிதித்தார். பத்தடி தூரத்தில் ஒரு மோட்டார் வேன், அதாவது மோட்டார் பூட்டிய மூன்று சக்கரப் பலகை வண்டி. பலகையில் ஏழெட்டுப் பேர் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மடியில் குழந்தை. வேனின் முன்சக்கரம் பாலத்தின் விளிம்பில் இருந்தது. வேனின் பல்பு தண்ணீரைப் பார்த்துத் திரும்பியிருந்ததால், எங்கள் கேமராவுக்கு அங்கே யாருமே இல்லை. வெளிச்சம் முழுசாக அவர்கள் முகத்தில் நின்றது.

கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு வேன்காரர், "டாக்லேன் கேனோ?" என்று வங்காளியில் கேட்டார். ஏன் கூப்பிட்டீர்கள்?

"நான் எங்கடி கூப்பிட்டேன்?" என்று என்னிடம் கேட்டபடி, மாமா விளக்கைத் தாழ்த்த எதையோ இழுத்தார். வைப்பர் ஓடியது. வேன்காரர் கண் தெரியாமலே வண்டியை நகர்த்தப் பார்த்தார். பலகை சரிந்தது. குழந்தை அழுதது.

எனக்கு அன்னியரிடம் பேச வராது. மாவு டப்பாவைக்கூட வாசலில் வைத்து, மணி அடித்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

கதவைத் திறந்து, "நொட்பேன் நா, காக்கு!" என்று கத்தினேன். அசையாதீங்க, சித்தப்பா. "மாமா, எல்லா லைட்டையும் அணைங்க! வண்டியைப் பின்னால எடுங்க!"

இருட்டானது. மாமா வண்டியை மெல்லப் பின்னால் எடுத்தார். கதவுப் பையிலிருந்த டார்ச்சோடு இறங்கி, பாலத்தின் நடுவே வெளிச்சத்தைத் தரையில் அடித்தேன். "ஆஷுன், ஆலோ தேகே ஆஷுன்." வாங்க, வெளிச்சத்தைப் பார்த்து வாங்க. அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு, வேன் எங்கள் பக்கத்துக் கரை ஏறும்வரை பின்பக்கமாக நடந்தேன்.