தீவுச் சந்தின் கடைசிக் குழாய்

இத்தனை வருடம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். போதும்.

கண்ணை மூடினால் முதலில் வருவது தார் வாசனை. ராஜபாளையம் நகராட்சி ரோடு போடும்போதெல்லாம் ரோலர் எங்கள் சந்து முனைவரை வந்து, அப்படியே திரும்பிவிடும். அதற்குப் பிறகு செம்மண். மில்லிலிருந்து மிதந்துவரும் பஞ்சு... மேற்கே பாதி மேகத்துக்குள் மலை.

ஒரு காலத்தில் எங்கள் சந்து ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் ஒருவரின் மாந்தோப்பு. நகர எல்லை வகுத்தவர்கள் தோப்பை மட்டும் அவர் ஊர்ப்பக்கத்து ஊராட்சியிலேயே விட்டுவிட்டார்கள். பிறகு மரங்கள் போய் வீடுகள் வந்தன. நாலு பக்கமும் நகராட்சி, நடுவில் நாங்கள். வீட்டுவரி கட்ட பஸ் ஏற வேண்டும்.

"என்னலே, தீவுக்குக் கெளம்பிட்டியா?" என்பார்கள் கூட்டாளிகள்.

நகராட்சியின் கடைசிக் குழாய் சந்து முனையில், முக்குவீட்டு வாசலில் இருந்தது. அந்த வீட்டுக்காரர் ஜின்னிங் மில் முதலாளி. டிகிரி முடித்துவிட்டு அவரிடம்தான் கிளார்க்காக இருந்தேன். அவர் வீட்டுத் தொட்டி நிறைந்த பிறகுதான் அம்மா குடத்தை வைக்க முடியும்.

எங்களையும் நகராட்சியில் சேர்க்கலாமா என்று விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். சந்து முழுக்கக் கையெழுத்து வாங்கி மனு எழுதியவன் நான். முதல் கையெழுத்தும் என்னுடையதுதான். குழாயடியிலேயே பேச்சு நடந்தது. முதலாளி நிதானமாகச் சொன்னார்.

"இவுகளையும் சேத்தா, பொறவு நம்ம குழாய்ல காத்துதான் சார் வரும்."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "ஏலே, அந்தப் பேப்பரக் குடு."

மனு சட்டைப்பையில் இருந்தது. முதலாளியும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எடுக்கவில்லை...

ஜீப் போய்விட்டது. அம்மா குடத்தோடு வீட்டுக்கு நடந்தாள். அதைப் பற்றி அவள் பிறகு ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நகராட்சியில் சேர வெகுகாலம் ஆனது. வீட்டுக்குள் குழாய் வந்தபோது அம்மாவுக்குக் குடம் தூக்கத் தெம்பில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் விழும் சத்தத்தைக் கண்மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது அவளும் இல்லை.

இன்று சந்து முழுக்கத் தார், கார்கள், மூன்று மாடி வீடுகள். மிஞ்சிய ஒற்றை மாமரத்தடியில் போன வாரம் சந்துக்குப் பெயர்ப்பலகை வைத்தார்கள். செத்துப்போன முதலாளியின் பெயர். இந்தச் சந்தை நகராட்சிக்குள் கொண்டுவந்ததே அவர்தானாம். மகன் பேசினார். நானும் கைதட்டினேன். இப்போது மில்லில் அவர்தான் என் முதலாளி.

அதனால் பெயர் போடாமல்தான் இதைப் பதிகிறேன். அன்றைய மனுவில் என் கையெழுத்து இருந்தது, கொடுக்கவில்லை. இதைக் கொடுத்துவிடுகிறேன்... கையெழுத்து இல்லாமல்.