அடுப்புக் கணக்கு

விதி சொன்னதைப் பிசகாமல் செய்த ஒருவர், அதனால் விளைந்த கேட்டுக்குப் பொறுப்பாளியா? நிவாரண அலுவலகத்தில் எழுத்தராக இருந்த ஒருவருடைய வாழ்க்கை இதைத்தான் கேட்டது என்று தோன்றுகிறது.

அவர் ஓரிடத்தில் உட்கார மாட்டார். கோப்பைக்கூட நடந்தபடிதான் படிப்பார். காலில் சக்கரம் கட்டியவர் என்பதால் சக ஊழியர்களுக்கு அவர் ‘சக்கரம்’. இளகிய மனம் கொண்டவர் என்று சொல்ல ஆதாரம் எதுவும் இல்லை.

போர் முடிந்து, வீடிழந்தவர்கள் ஒரு பழைய கிடங்கில் தங்கியிருந்தார்கள். மழைக்கு முன் குடும்பத்துக்கு ஒரு கொட்டகை தருவதாக அரசு அறிவித்தது. குடும்பம் என்றால் ‘ஒரே அடுப்பில் சமைத்து உண்போர்’ என்றது ஆணை. சக்கரம் ஒரு காலையில் போய் எரிகிற அடுப்புகளை எண்ணினார். நாற்பத்தொன்று. மறுபடி எண்ணிப் பார்த்துக் கையெழுத்திட்டார்.

பட்டியல் ஒட்டிய அன்று ஒரு தையல்காரி கைக்குழந்தையோடு வந்து நின்றாள்.

“நாங்க, என் நாத்தனார் குடும்பம், கொத்தனார் குடும்பம், எல்லாருக்கும் ஒரே கொட்டகை போட்டிருக்கு. பதினாலு பேருண்ணே.”

“ஒரே அடுப்புதானேம்மா எரிஞ்சுது?”

“விறகு இல்ல, ஒரே பானையில வச்சோம். கொத்தனார் பொண்டாட்டி உப்பை அள்ளிக் கொட்டுவா, அதையும் பொறுத்துக்கிட்டோம். அதுக்காக அவ புருஷன் எனக்கும் புருஷனா?”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. “பத்துக்குப் பத்து இடம். மழையில யாரை வெளிய படுக்கச் சொல்றீங்க?”

விறகு கொடுக்க வேண்டியதும் அதே அலுவலகம்தான். அந்தக் கோப்பு வேறொரு பிரிவில் தூங்கிக்கொண்டிருந்தது.

மேலதிகாரி கையை விரித்தார். “ஆணையைத் திருத்தணும்னா தலைமையகத்துக்கு எழுதணும். மூணு மாசம் ஆகும்.”

“பத்து நாள்ல மழை வந்துரும் சார்.”

“மழைக்கும் நான்தான் ஆணை போடுறேனா? எண்ணப் போனவன் ஒழுங்கா எண்ணலைன்னா மறு கணக்கு உடனே எடுக்கலாம். நீதான் ஒழுங்கா எண்ணித் தொலைச்சிருக்கியே.”

மூன்று நாள் சக்கரம் வீட்டிலும் நடந்துகொண்டே இருந்தார். சோற்றுத் தட்டைக் கையில் ஏந்தி ஜன்னலுக்கும் கதவுக்கும் போய் வந்தார்.

“தரை தேஞ்சு கீழ்வீட்டுக்காரங்க தலையில விழப்போறீங்க” என்றாள் மனைவி. “உங்க மேல தப்பில்லைன்னு உங்க அதிகாரியே சொல்லிட்டாருல்ல?”

“சொல்லிட்டாரு” என்றார், நடந்தபடி.

நான்காம் நாள் அவர் மேலதிகாரியிடம் ஒரு தாளைக் கொடுத்தார்: ‘நான் கிடங்குக்குப் போகவில்லை. அலுவலகத்திலிருந்தே எண்ணிக்கையை எழுதினேன்.’

அன்றே மறு கணக்குக்கு உத்தரவு வந்தது. விசாரணை முடிந்ததும் அவருடைய பணிநீக்கமும் வந்தது. கிடங்கில் ஒவ்வொரு குடும்பமும் எங்கிருந்தோ சுள்ளி பொறுக்கித் தன் அடுப்பை மூட்டியது. தையல்காரிக்குத் தனிக் கொட்டகை கிடைத்தது. அவர் வந்து எண்ணியதைக் கண்ணால் பார்த்தவர்கள் அங்கே நூறு பேராவது இருப்பார்கள். விசாரணையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

“போயிட்டு வந்துட்டு ஏன் போகலைன்னு எழுதினீங்க?” என்று மனைவி கேட்டாள். பல வருடம், பல விதமாகக் கேட்டாள். அவர் கடைசிவரை சொல்லவில்லை.